கருவுற்றவள் மட்டும் கணக்கில் வந்தாள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 14 நாடுகளில் (ஊர்த்தொகுதிகளில்) பெரக்கரை நாடும் ஒன்று. நோய் விஷயத்தில் இந்த மலைக்கும் சமவெளிக்கும் இருந்த உறவு ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நோயின் இடம் மலைதான். அங்கே இரவு தங்கினால் காய்ச்சல் பிடிக்கும் என்று கீழே இருந்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் மிகை அதிகம் இல்லை. வாழவந்தி நாட்டில் பள்ளியும் மருத்துவமும் நடத்திவந்த பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். பிறகு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை மேலே ஏறியது. சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு இடம் பிடித்தது. கிழங்கு சேகோ மில்லுக்கு லாரியில் இறங்கியது. ஆண்களும் வேலை தேடி இறங்கினார்கள், நாமக்கல்லின் லாரிகளுக்கும் திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளுக்கும். மலைக்கு மேலே நோய் இருக்கிறது என்ற பேச்சு ஓய்ந்து, கீழேயிருந்து நோய் வருகிறது என்ற பேச்சு 1990-களில் தொடங்கியது. இந்த முறை நோய் பாலுறவு வழியாக வந்தது.

அந்த நோயை அரசு எப்படித் தேடியது, யார் உடலில் தேடியது, யாருக்காகத் தேடியது என்ற கேள்விகளைக் கொல்லிமலையில் நின்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். கம்பெனி காலம் முதல் இன்றுவரை தமிழ்நாட்டில் பாலுறவுத் தொற்று பெரும்பாலும் பெண்ணுடலில்தான் தேடப்பட்டது. ஆனால் அந்தத் தேடல் அவளுக்காக நடக்கவில்லை. முதலில் சிப்பாய்க்காக, பிறகு வாடிக்கையாளனுக்காக, கடைசியில் அவள் வயிற்றுச் சிசுவுக்காக நடந்தது. அவளுடைய கருப்பையும் கருக்குழாயும் அந்தத் தேடலின் நோக்கமாக இருந்தது அபூர்வம். இப்போது உலகம் கவலையோடு பார்க்கும் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் போன்ற புதிய தொற்றுகளை நம் பொது மருத்துவ அமைப்பு காண முடியாமல் இருப்பதற்குக் கருவிப் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. இந்த நீண்ட பழக்கமும் காரணம் என்பதே என் வாதம்.

பழக்கத்தின் தொடக்கத்தைச் சென்னை மாகாணத்தின் ‘லாக் ஆஸ்பத்திரி’களில் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே படைமுகாம் இருந்த ஊர்களில் இவை எழுந்தன. திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று இருந்தது. இவை மருத்துவமனை, சிறை இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்தன. மேகநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைப் பிடித்துவந்து, குணமானதாக மருத்துவர் சொல்லும்வரை அடைத்துவைத்தார்கள். பாதரசமே அன்றைய முக்கிய மருந்து; பல்லும் ஈறும் கெட்டு நோயாளி வெளியே வருவது சாதாரணம். 1864-இன் கண்டோன்மென்ட் சட்டமும் 1868-இன் தொற்றுநோய்ச் சட்டமும் இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தன. பதிவுச் சீட்டு, குறித்த நாளில் உடல் பரிசோதனை, தவறினால் தண்டனை ஆகிய எல்லாமே பெண்ணுக்குத்தான். அதே நோயோடு அதே முகாமில் இருந்த சிப்பாய் இந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. தொற்றுள்ள இருவரில் ஒருவரை மட்டும் பிடித்தால் தொற்று நிற்காது என்பதை அன்றைய எதிர்ப்பாளர்களே சொன்னார்கள். பிரிட்டனில் இதே வகைச் சட்டம் 1886-இலும் இந்தியாவில் 1888-இலும் நீக்கப்பட்டது. சட்டம் போன பின்னும் அது கற்றுக்கொடுத்த பார்வை போகவில்லை. லாரி ஷெட்டுகளிலும் டீக்கடைகளிலும் ‘பொம்பளை சீக்கு’ என்று இன்றும் சொல்லும் வழக்கத்தைக் கேட்டவர்களுக்கு அது புரியும்.

சென்னைக்கு இந்த நோய்களின் வரலாற்றில் கௌரவமான இடமும் உண்டு என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன் 1905-இல் ஒரு நோயாளியின் புண்ணில் கண்ட நுண்ணுயிரால்தான் ஒரு பாலுறவு நோய் ‘டொனோவனோசிஸ்’ என்று அவர் பெயரால் உலகெங்கும் இன்றும் அழைக்கப்படுகிறது. புதிய தொற்றைக் கண்டுபிடிக்கும் திறமை இங்கே எப்போதும் இருந்தது. அந்தத் திறமையை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதில்தான் சிக்கல்.

1986-ஐ எடுத்துக்கொள்வோம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று தேடினார். பாலியல் தொழிலுக்காகக் கைதான பெண்களை வைத்திருந்த மயிலாப்பூர்க் காப்பகத்தில் இரத்தம் எடுத்தார். கையிலிருந்த வசதியோ மிகக் குறைவு. மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துச் சென்று சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியா தன் எச்.ஐ.வி. தொற்றை அறிந்துகொண்டது இப்படித்தான். இதை நான் குறைத்துப் பேசவில்லை. மறுக்க விரும்பிய ஒரு நாட்டை ஒப்புக்கொள்ள வைத்த துணிச்சல் அது. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. தொற்று இருந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகங்களில் வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே விடுதலை கிடைத்தது. லாக் ஆஸ்பத்திரியை மூடி நூறாண்டு கடந்திருந்தது. தொற்றுள்ள பெண்ணை அடைத்துவைப்பது இயல்பான காரியம் என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த கட்டத்தில் ‘தவறான’ பெண்ணிடமிருந்து ‘நல்ல’ பெண்ணுக்குக் கணக்கு மாறியது. இங்கேதான் நாமக்கல் வருகிறது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலாலும் எரிவாயு டேங்கர்களாலும் நாடறிந்த ஊர். ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நெடுஞ்சாலையில் இருப்பார்கள். தமிழ்நாடு 1994-இலேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டது. நாட்டில் அதுவே முதல். 1998 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஆண்டுதோறும் கண்காணிப்புச் சோதனை நடத்தியது. பொதுமக்களிடையே தொற்று எவ்வளவு என்று அறிய, மகப்பேறு சிகிச்சைப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகளை அது தேர்ந்தெடுத்தது. கர்ப்பிணிகளில் 1 சதவீதத்துக்கு மேல் தொற்று இருந்த மாவட்டம் ‘ஏ’ பிரிவு. நாமக்கல் அந்தப் பிரிவில் இருந்தது. செய்தித்தாள்கள் லாரி ஓட்டுநர்களைப் பற்றி எழுதின. ஆனால் நாமக்கல்லுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த எண் ஓட்டுநர்களின் இரத்தத்திலிருந்து வரவில்லை, அவர்களைப் போன்றவர்களின் மனைவிமாரின் இரத்தத்திலிருந்து வந்தது.

அந்த எண் எடுக்கப்பட்ட விதத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிபிலிஸ் சோதனைக்காகக் கர்ப்பிணியிடம் எடுத்த இரத்தத்தில் மிச்சமிருந்ததை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதித்தார்கள். யாருடைய இரத்தம் என்று சோதித்தவருக்கும் தெரியாது. ஆகவே முடிவை அவளுக்குச் சொல்லவும் வழியில்லை. அவளுடைய ரகசியத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு, விருப்பப்பட்டவர் தனியே சோதித்துக்கொள்ள நம்பிக்கை மையம் இருந்ததே என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்வார்கள். நியாயமான பதில். மருந்தே இல்லாத காலத்தில், தெரிந்தால் வீட்டைவிட்டு விரட்டப்படும் காலத்தில், பெயரில்லாமல் எண்ணுவதே குறைந்த கொடுமை. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று போகாமல் தடுக்கும் திட்டம் 2002-இலும், இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களிலும் வந்த பிறகு நிலைமை மாறியது. அப்போதும் வரிசை எது என்று பாருங்கள். சேய்க்கான திட்டம் முதலில் வந்தது. தாய்க்கான மருந்து இரண்டாண்டு கழித்து வந்தது.

என் வாதத்தின் மையம் இந்தக் கணக்கின் வாசலில் இருக்கிறது. மகப்பேறு பிரிவுக்கு வருபவள் கருவுற்றவள். பாலுறவுத் தொற்றுகள் பெண்ணுக்குச் செய்யும் மிகப் பெரிய தீங்குகளில் ஒன்றோ அவளைக் கருவுற விடாமல் செய்வது. வெட்டை நோயும் கிளமிடியாவும் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாயை அழற்சியில் தழும்பாக்கி அடைத்துவிடும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் வெஸ்ட்ரோம் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவு இது: இடுப்புக்குழி அழற்சி ஒருமுறை வந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், இருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கும் குழாய் அடைப்பால் குழந்தைப்பேறு இல்லாமல் போனது. இந்தப் பெண்கள் யாரும் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கப் போவதில்லை. எச்.ஐ.வி.யே கருத்தரிக்கும் திறனைக் குறைக்கிறது என்பதால் மகப்பேறு பிரிவின் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம் என்று புள்ளியியலாளர்கள் எச்சரித்ததும் உண்டு. ஆக, தொற்றால் அதிகம் சிதைந்தவளைத் தவிர்த்துவிட்டுத்தான் நம் கணக்கு தொடங்கியது. அவள் வேறு கணக்குகளில் போய்ச் சேர்ந்தாள். மாமியாரின் வாயில் மலடியாக, கணவனின் இரண்டாம் கல்யாணத்துக்குக் காரணமாக, வசதியிருந்தால் ஈரோட்டிலோ சேலத்திலோ கருத்தரிப்பு மையத்தின் ரசீதாக. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் என்று ஒன்று சென்னை எழும்பூரில் திறக்கப்பட்டது 2024-இல்தான்.

நம் ஊரில் குழாய் அடைப்புக்குப் பெரிய காரணம் காசநோய் அல்லவா என்று ஒரு மகப்பேறு மருத்துவர் கேட்கக்கூடும். சரிதான், பிறப்புறுப்புக் காசநோய் இந்தியாவில் முக்கியமான காரணம். ஆனால் எது காசநோய், எது பழைய தொற்று என்று பிரித்தறியச் சோதனை வேண்டும் என்பதைத்தான் அந்தக் கேள்வியும் நிறுவுகிறது.

வேறொரு மறுப்பு மலையைப் பற்றியது, அதிகம் கேட்கப்படுவது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மணமுறை தளர்வானது, பிடிக்காத கணவனை விட்டு இன்னொருவரை மணக்க அங்கே பெண்ணுக்கு இடமுண்டு, நோய்க்கு அதுவே காரணம் என்ற பேச்சு. இதற்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேட்டிலிருந்து தர்ஸ்டனின் 1909 தொகுதிகள் வரை மலைவாசிகளின் மணவழக்கங்கள் வேடிக்கைப் பொருளாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. (சங்கப் பாடல்களில் அழகுக்கு உவமையான கொல்லிப்பாவை பிற்காலக் கதைகளில் சிரித்து மயக்கி ஆண்களைக் கொல்பவளாக ஆனதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆபத்தைப் பெண்ணின் முகத்தில் வைப்பதில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் தனியுரிமை இல்லை.) சான்று என்ன சொல்கிறது? சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில் 81 சதவீதத்தினர் குடும்பத் தலைவிகள்; 88 சதவீதத்தினர் ஒரே துணையோடு மட்டும் வாழ்ந்தவர்கள். இவர்களுக்குத் தொற்று கொண்டுவந்தது தளர்வான மணமல்ல, கட்டுக்கோப்பான மணம். கணவனைக் கேள்வி கேட்கவோ ஆணுறை அணியச் சொல்லவோ முடியாத மணம். ஒத்துவராத கணவனை விட்டுப் போக முடிகிற பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு கூடுதலாக இருக்கிறது என்றுகூட வாதிடலாம். அந்த அளவுக்கு நான் போகவில்லை. மலையின் வழக்கம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே போதும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. ‘ஆபத்து அதிகமுள்ளவர்களைக் குறிவைத்துத்தானே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தினோம்? அந்த முறை வென்றதே!’ வென்றது உண்மை. 15 முதல் 24 வயதுப் பெண்களிடையே தென்மாநிலங்களில் எச்.ஐ.வி. 2000-இல் 1.7 சதவீதமாக இருந்து 2004-இல் 1.1 ஆகக் குறைந்ததாக 2006-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நடத்திய ‘அபாக்’ எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் 1995 முதல் நெடுஞ்சாலை ஓரங்களில் செய்த வேலைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் இந்த வெற்றியை லாக் ஆஸ்பத்திரி வழியின் வெற்றியாகப் படிக்க முடியாது. பாலியல் தொழிலாளர்களைச் சந்தேகப் பொருளாக நடத்திய இடத்தில் அல்ல, அவர்களையே சங்கமாகக் கூட்டி ஆணுறையைப் பேரம் பேசவைத்த இடத்தில்தான் ஆணுறை நிலைத்தது. ஓட்டுநர்களான ஆண்களிடமும் நேராகப் பேசினார்கள், லாக் ஆஸ்பத்திரிக் காலத்தில் யாரும் செய்யாதது. இன்னொன்றும் உண்டு. அந்த வெற்றியின் அளவுகோல் எச்.ஐ.வி. ஒன்றே. அந்த நோய்க்கு வந்த பணத்திலும் ஆட்களிலும் ஒரு சிறு பங்கே வெள்ளைப்படுதலுக்கும் அடிவயிற்று வலிக்கும் திரும்பியது.

அந்த நோய்கள் எவ்வளவு பரவியிருந்தன என்பதை 1989-லேயே நாடு அறிந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலியில் மருத்துவர்கள் ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு பெண்ணுறுப்பு நோயோ பாலுறவு நோயோ இருந்தது. முன்பு அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டக் கிராமங்களில் 16 முதல் 22 வயதான மணமான பெண்களிடையே சி.எம்.சி. ஆய்வாளர்கள் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டோர் தொந்தரவு சொன்னார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்கும் காட்டவில்லை. ‘சூடு’ என்று மோரும் வெந்தயமும் குடித்துவிட்டு வேலைக்குப் போவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். மலையில் வைத்தியரும் மூலிகையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது இன்னும் எளிது.

அரசு கொடுத்த பதில் வண்ணப் பொட்டலங்கள். சோதனைக்கூடம் இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏழு நிறப் பெட்டிகளாக்கியது. கருப்பை வாய் அழற்சிக்குச் சாம்பல் நிறப் பெட்டி: 1 கிராம் அசித்ரோமைசின், 400 மில்லிகிராம் செஃபிக்சிம், ஒரே வேளை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். மலை உச்சியில் ஒரு செவிலியர் உடனே மருந்து கொடுக்க முடிந்தது பெரிய காரியம்தான். ஆனால் இந்த முறை ஆணின் சீழ் ஒழுக்குக்குப் பொருந்தும் அளவுக்குப் பெண்ணுக்குப் பொருந்தாது. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் பாலுறவுத் தொற்றால் வருவதில்லை. கருப்பை வாயில் தொற்று உள்ள பெண்களில் பலருக்கோ அறிகுறியே இருப்பதில்லை. ஆகவே தேவையில்லாதவள் மருந்து வாங்குகிறாள், தேவையானவள் வீட்டில் இருக்கிறாள்.

மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் இந்த ஓட்டையில் சரியாகப் பொருந்துகிற கிருமி. 1980-களின் தொடக்கத்தில் லண்டனில் சிறுநீர்க்குழாய் அழற்சியோடு வந்த இரண்டு ஆண்களிடம் முதலில் கண்டெடுக்கப்பட்டது. ஆண்களிடம் கண்டுபிடித்து, பெண்களுக்கு என்ன செய்கிறது என்பதைப் பின்னால் விசாரித்ததும் பழைய கதைதான். செல்சுவர் இல்லாததால் பென்சிலினும் செஃபிக்சிமும் இதை ஒன்றும் செய்யாது. ஆய்வகத் தட்டில் வளர்க்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மரபணுச் சோதனை வரும்வரை ஆராயவே முடியவில்லை. மரபணுத் தொகுதியோ மிகச் சிறியது. 1995-இல் முழுமையாகப் படிக்கப்பட்ட இரண்டாவது பாக்டீரியா இது. கருப்பை வாய் அழற்சி, இடுப்புக்குழி அழற்சி, கருத்தரிக்காமை ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2015-இல் இதைப் புதிதாக எழும் சிக்கலாக அறிவித்தது. நம் கவலைக்குரிய விஷயம் மருந்தில் இருக்கிறது. 1 கிராம் அசித்ரோமைசினை ஒரே வேளையாகக் கொடுத்தால், இந்தக் கிருமியில் அந்த மருந்தை எதிர்க்கும் வகை தப்பிப் பெருகுகிறது. அதனால்தான் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் முதலில் டாக்சிசைக்ளின், பிறகு சோதனை முடிவைப் பொறுத்து அடுத்த மருந்து என்று மாறின. சாம்பல் பெட்டியின் கணக்கு வேறு எதிரிகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டது.

இரத்தசோகையும் பிரசவத்துக்கு மலையிறங்கும் தூரமும் இருக்கும்போது ஒரு பெயர் தெரியாத கிருமிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்பது கடைசி மறுப்பு. எல்லாப் பெண்களையும் இதற்காகச் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிகுறி இல்லாதவர்களைச் சலித்தெடுக்க வேண்டாம் என்றே மேற்கத்திய வழிகாட்டிகளும் சொல்கின்றன. தேவையற்ற மருந்தால் எதிர்ப்பு வளரும் என்பது காரணம். தீராத வலியோடும் அழற்சியோடும் வருபவளுக்குச் சோதனை வேண்டும் என்பதே கோரிக்கை. மலைக்கு மரபணுச் சோதனை எட்டாது என்ற வாதம் காசநோய்த் திட்டமும் 2020-இன் கொரோனாவும் வந்த பிறகு நிற்காது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற சிறு இயந்திரங்கள் பெரிய ஆய்வகம் இல்லாத சிற்றூர்களிலும் வேலை செய்கின்றன. சளியையும் மூக்குத் துடைப்பையும் சோதிக்க முடிந்த தொழில்நுட்பம் கருப்பை வாய்த் துடைப்புக்கு வரும்போது மட்டும் கட்டுப்படியாகாது என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது.

மலையில் உள்ளவர்களுக்கு என்ன வலிக்கிறது என்று கேட்டு மருத்துவம் மேலேறிய காலமும் இருந்தது. ஜெஸ்ஸி பிராண்டும், கணவர் இறந்த பின்னும் முதுமையில் மலைக்குத் திரும்பிக் குதிரைமேல் ஊர் ஊராகப் போன அவர் மனைவி ஈவ்லின் பிராண்டும் நரம்புச் சிலந்திப் புழுவை எதிர்த்துப் போராடினார்கள். அது யாருக்கும் தொற்றிக் கீழே இறங்கி ராணுவத்தை முடக்கப் போகும் நோயல்ல. ஆத்துமக் கணக்கும் அவர்களிடம் இருந்தது என்று சொல்லலாம், இருந்தது. ஆனால் நோயாளியின் காலில் இருந்த புழு அந்த நோயாளிக்காகவே எடுக்கப்பட்டது. வேலூர்ப் பெண்கள் மருத்துவமனைக்குப் போகாததற்குச் சொன்ன காரணங்களில் பெண் மருத்துவர் இல்லை, மறைவான இடமில்லை, தூரம், செலவு ஆகியவை இருந்தன. மலையின் மைய ஊரான செம்மேட்டுக்கு வரும் பெரக்கரை நாட்டுப் பெண்ணுக்கும் இவை பொருந்தும். இவற்றில் முதல் இரண்டைச் சரிசெய்ய மரபணு இயந்திரம் தேவையில்லை. ஒரு பெண் மருத்துவரும், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், கர்ப்பிணி அட்டை இல்லாதவளுக்கும் வாரத்தில் ஒரு நாளும் போதும்.